கொல்கத்தாவில் இரண்டே நாள்

அலுவலக வேலையாக கொல்கத்தா போகிறேன். சனி, ஞாயிறு கையில் இருக்கிறது. விக்டோரியா மெமோரியல், ஹௌரா பாலம் தவிர எந்தப் பகுதிகளைச் சுற்றலாம்?
*– வாசகர், கரூர்*

பாலத்தை விடாதீர்கள், அதன் அடியில்தான் முதல் நிறுத்தம். சனிக்கிழமை விடிந்ததும் மல்லிக் காட் பூச்சந்தைக்குப் போங்கள். செவ்வந்தி மாலை மூட்டைகள் தலைமேல் பறக்கும். வழிவிட்டு நின்றால் பிழைப்பீர்கள்! அடுத்து குமார்துலி. சந்து முழுக்கக் களிமண் துர்க்கைகள் உருவாகும். பூஜைக்கு முந்தைய மாதங்கள் என்றால் இன்னும் அதிர்ஷ்டம். மதியம் காலேஜ் ஸ்ட்ரீட்: பழைய புத்தகங்கள், பிறகு இந்தியன் காபி ஹவுஸ். ஞாயிறன்று அங்கே பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும் என்பதால் சனிக்கிழமையே முடித்துவிடுங்கள்.

ஞாயிறு அதிகாலை திரெட்டா பஜாரில் சீனக் காலை உணவு. சோம்பேறிகளுக்குக் காலித் தட்டுதான். மாலையில் தெற்கே லேக் மார்க்கெட். தமிழ்க் குடும்பங்கள் பல காலமாக வாழும் வட்டாரம். இட்லி ஏக்கம் தீரும்.

குமார்துலிக்கு ஷோபாபஜார், காலேஜ் ஸ்ட்ரீட்டுக்கு மகாத்மா காந்தி ரோடு, லேக் மார்க்கெட்டுக்கு காளிகாட்: மூன்றும் ஒரே மெட்ரோ தடத்தில் உள்ள நிலையங்கள். டாக்சிக் காசைப் புத்தகத்துக்கு ஒதுக்குங்கள்.