கொம்பியூட்டர் ஊர்ந்து போகிறதா?

றக்வான மாதிரி ஈரலிப்பான மலைப்பக்கத்தில் கொம்பியூட்டர் மந்தமானால் முதலில் பெட்டியைத் திறந்து பாருங்கள்; பிளக்கைக் கழற்றிய பிறகுதான். ஈரத்தோடு ஒட்டிய தூசி மின்விசிறியை அடைத்தால் புரொசசர் சூடேறி, தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். காய்ந்த பெயின்ட் பிரஷ் போதும். விசிறி இதழ் சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு துடையுங்கள்.

அடுத்து கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, திறக்கும் சாளரத்தின் ‘ஸ்டார்ட்அப்’ பகுதியில் தேவையற்ற மென்பொருட்களை நிறுத்துங்கள். வைரஸ் தடுப்பு மென்பொருளில் கை வைக்க வேண்டாம்.

பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கா? எஸ்எஸ்டிக்கு மாற்றுவதுதான் காசுக்கு உருப்படியான வேலை. ‘ஸ்பீட் பூஸ்டர்’ என்று வரும் மென்பொருட்கள் பெரும்பாலும் வெறும் பாரம்.

இடி முழங்கும் ஏப்ரல், ஒக்டோபர் பின்னேரங்களில், மின்னலால் கொம்பியூட்டர் கெடாமலிருக்க, மழை தொடங்குமுன்பே பிளக்கையும் ரவுட்டர் வயரையும் கழற்றிவிடுங்கள்.