வீட்டிற்கு ஏற்ற சாணைக்கல்

விவசாயியின் வீட்டில் நாள் தவறாது வேலை செய்யும் இரும்பு, கத்தியும் அரிவாளுமேயாம். கலப்பையும் பரம்பும் பருவத்திற்கு மாத்திரம் வெளிவருவன. இவையோ வருஷம் முழுவதும் ஓய்வறியா. ஆயினும், கலப்பைக்குச் செலுத்தும் கவனத்தில் காற்பங்கேனும் இவற்றின் கூர்மைக்கு நாம் செலுத்துவதில்லை.

மழுங்கிய ஆயுதம் அபாயமற்றது என்று பலர் எண்ணுகின்றனர். இது தவறு. மழுங்கிய கத்தியை அழுத்த வேண்டியிருக்கிறது. அழுத்தும்போது வழுக்கினால் கையிற் பாய்கிறது. அன்றியும், மழுங்கிய கத்தியாற் கரும்பை வெட்டினால் அடிக்கட்டை பிளந்து, மறுதாம்புப் பயிர் கேடுறும். ஆதலின், சாணைக்காரர் வரவை எதிர்பாராது வீட்டிலேயே தீட்டிக்கொள்ளுதல் நலம். புதிதாய்ப் பழகுவோர் எந்தச் சாதனத்தை வாங்கலாம் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

1. சுழலும் சாணைச் சக்கரம்: இது விரைவில் வேலையை முடிக்கும்; விரைவில் ஆயுதத்தையும் கெடுக்கும். யான் உத்தியோகத்தில் அமர்ந்த புதிதில், ஒரு குடியானவர் வீட்டுக் கத்தியை நீர் விடாமல் சக்கரத்தில் அழுத்திப் பிடித்தேன். விளிம்பு நீலம் பாய்ந்தது. கொல்லன் காய்ச்சித் தோய்த்து ஏற்றிய உறுதி சூட்டினால் இறங்கிற்று. அதன்பின் அக்கத்தி ஒரு நாளேனும் கூர் தாங்கவில்லை. அவ்வீட்டு மூதாட்டியார் ஒன்றும் சொல்லவில்லை. அதுவே எனக்குப் பாடமாயிற்று. புதியவர்கட்கு இது தகாது.

2. பிளவினூடே கத்தியை இழுத்துத் தீட்டும் சிறு கருவி: பழக்கம் வேண்டுவதில்லை. ஆனால் சமையற் கத்திக்கு மட்டுமே உதவும். தடித்த வெட்டரிவாளும் வளைந்த அரிவாளும் இதில் நுழையா. இரும்பையும் மிகுதியாகத் தின்றுவிடும்.

3. எஃகுக் கோல்: இது வளைந்த விளிம்பை நிமிர்த்துமேயன்றி, மழுங்கிய விளிம்பைக் கூராக்காது.

4. இருமுகச் சாணைக்கல்: இதுவே யாம் சிபாரிசு செய்வது. இவற்றுட் பல கார்பொரண்டத்தால் ஆனவை. அமெரிக்காவில் அச்செசன் என்பார் 1891-ஆம் ஆண்டில் களிமண்ணையும் கரித்தூளையும் மின்சாரத்தாற் கடுமையாகச் சூடாக்கியபோது கண்ட பொருள் அது. மிகக் கடினமானது; எனினும் வைரத்திற்குத் தாழ்ந்தது.

கல் வாங்கும்போது கவனிக்க வேண்டியவை: நீளம் 6 முதல் 8 அங்குலமும், அகலம் 2 அங்குலமும் இருத்தல் வேண்டும். கல்லின்மேலுள்ள எண் பெருகப் பெருக அதன் மணி நுண்ணியதாகும். அரிவாளுக்கும் வெட்டரிவாளுக்கும் 120, 240 என்ற முகங்களும், சமையற் கத்திக்கு 400, 1000 என்ற முகங்களும் ஏற்றவை. கல்லின்மேல் நேரான அளவுகோலை நிறுத்தி, இடையே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்க. விரலாற் தட்டினால் விரிசலில்லாக் கல் தெளிவாக ஒலிக்கும்.

தீட்டும் முறை: கல்லை, குமிழி எழுவது நிற்கும்வரை நீரில் ஊறவைத்து, ஈரத்துணியின்மேல் அசையாமல் வைக்க. ஒரு முறை எண்ணெய் பூசிய கல்லுக்குப் பின்னர் நீர் பயன்படாது. அலகின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரத்திற்குக் கத்தியின் முதுகைத் தூக்கினால் சாய்வு ஏறக்குறைய 20 பாகையாகும்; அலகு ஒன்றரை அங்குலமாயின், உயரம் அரை அங்குலம். இச்சாய்வு மாறாமல், முரட்டு முகத்தில் ஒரு பக்கத்தையே தீட்டுக. எதிர்ப்பக்கத்து விளிம்பில் மெல்லிய பிசிர் நெடுகிலும் விரலுக்குத் தட்டுப்பட்டால் அப்பக்கம் முடிந்ததென்று அறிக. பின்னர் மறுபக்கத்தையும் அவ்வாறே தீட்டி, நுண்முகத்தில் இருபக்கமும் மாறிமாறி இலேசாகத் தேய்த்துப் பிசிரை நீக்குக. விரலை விளிம்பிற்குக் குறுக்காக மட்டும் நகர்த்திப் பார்க்க, நெடுகிலும் ஓட்டலாகாது.

வளைந்த அரிவாளாயின், அதனை அசையாமற் பிடித்துக் கல்லையே நகர்த்துக. பற்களுள்ள கருக்கரிவாளைக் கல்லில் தீட்டலாகாது. தீட்டினால் பற்கள் தேய்ந்தொழியும். அதற்குப் பல் வெட்டுவது கொல்லன் தொழிலேயாகும்.

கல் நடுவிற் குழிந்தால், சமமான பலகைக் கல்லின்மேல் மணலும் நீருமிட்டுத் தேய்த்துச் சமப்படுத்துக.

கிராம உத்தியோகஸ்தர்கள் கூட்டுறவுச் சங்கத்தில் இத்தகைய கல்லொன்றை வைத்து, அறுவடைக்கு முன் வாலிபர் சிலருக்குப் பழக்குவிப்பாராயின், கூலியாட்களின் நேரமும் கைவிரல்களும் ஒருங்கே காக்கப்படும்.