சினம் தணியும் வழி: தியானமும் சீனத்துச் சீகுங் பயிற்சியும்

(மைசூரு, மண்டி மொஹல்லாவில் பௌர்ணமி நாளன்று கூடிய அன்பர்களுக்குச் சொல்லிய பாடம்)



மனத்தை மறைத்து நிற்கும் நீவரணங்கள் ஐந்து எனப் பகவான் புத்தர் வகுத்தருளினார். அவற்றுள் முதலாவதாகிய காமச்சந்தத்தைப் பற்றிச் சென்ற பாடத்தில் ஆராய்ந்தோம். இரண்டாவது வியாபாதம். சினம், பகை, பிறர்க்குத் தீங்கு எண்ணுதல் ஆகிய யாவும் அதனுள் அடங்கும். அதன் இயல்பு யாது, அஃது எங்கே பிறக்கின்றது, எங்ஙனம் தணியும் என்பனவே இன்றைய பாடமாகும்.

1. சினமுடையார் மூவகையினர்

அங்குத்தர நிகாயத்திலே பகவான் சினமுடையாரை மூவகையாகப் பிரித்துக் காட்டுகின்றார். ஒருவன் சினம் கல்லில் கீறிய கோடு போன்றது. காற்றும் மழையும் அதனை எளிதில் அழிப்பதில்லை. மற்றொருவன் சினம் மண்ணில் கீறிய கோடு. சில நாளில் மறையும். மூன்றாமவன் சினம் நீரில் கீறிய கோடு, கீறும்போதே மறையும். நம்மில் பலர் முதல் வகையினர். பத்தாண்டுகட்கு முன் ஒருவர் சொல்லிய வசைமொழி, சொன்ன நேரம், அப்போது அவர் உடுத்தியிருந்த சட்டையின் நிறம் முதலாக நமக்கு நினைவிருக்கின்றது. பஞ்சசீலத்தை நாள்தோறும் ஓதுவோம். ஓதிய நேற்றைய தினம் யாருக்கு என்ன நன்மை செய்தோம் என்பது மட்டும் நினைவில் நிற்பதில்லை.

2. வேதேகிகையின் கதை

மச்சிம நிகாயத்தின் இருபத்தொன்றாம் சூத்திரமாகிய கக்கசூபம சூத்திரத்தில் ஒரு கதை வருகின்றது. சாவத்தி நகரில் வேதேகிகை என்னும் செல்வப் பெண்மணி ஒருத்தி வாழ்ந்தாள். அவளைப் போலப் பொறுமையுடையவர் இல்லை என்று ஊரார் புகழ்ந்தனர். அவள் வீட்டுப் பணிப்பெண் காளி என்பவள் திறமையும் சுறுசுறுப்பும் உடையவள். எசமானிக்குச் சினமே இல்லையா, அல்லது தான் வேலையைக் குறையின்றிச் செய்வதால் அது வெளிப்படவில்லையா என்று காளி ஐயுற்றாள். ஒருநாள் வேண்டுமென்றே நேரங்கழித்து எழுந்தாள். எசமானி முகஞ்சுளித்தாள். மறுநாள் இன்னும் தாமதித்தாள், கடுஞ்சொல் பிறந்தது. மூன்றாம் நாள் மேலும் தாமதித்தாள். எசமானி கதவின் தாழ்க்கோலை எடுத்துக் காளியின் தலையில் அடித்தாள். குருதி ஒழுகக் காளி வீதியில் நின்று அயலாரை அழைத்துக் காட்டினாள். ஊர்ப்புகழ் அன்றே ஒழிந்தது.

இன்னாச்சொல் செவியிற் படாதவரையில் எவரும் சாந்தமுடையவரே. பட்டபின் தெரிவதே மெய்யான சாந்தம் என்பதைப் பிக்குகளுக்கு விளக்கவே பகவான் இக்கதையைக் கூறினார். நாம் இதில் மற்றொன்றையும் காண்கின்றோம். தலை உடைந்தது யாருடையது? பணிப்பெண்ணுடையது. வேதேகிகை தனக்கு மேலான ஒருவரைத் தாழ்க்கோலால் அடித்திருப்பாளா? அடித்திருக்கமாட்டாள்.

3. தாழ்விடம் நோக்கி ஓடும் நீர்

சினம் நீரைப் போன்றது. எப்போதும் தாழ்ந்த இடத்தை நாடியே ஓடும். ஆலையில் அதிகாரி மேஸ்திரியை ஏசுவார். மேஸ்திரி தொழிலாளியை ஏசுவார். தொழிலாளி வீடு சென்று மனைவியை ஏசுவான். மனைவி குழந்தையை அறைவாள். குழந்தை தெருநாயின்மீது கல்லெறியும். திருக்குறளில் வெகுளாமை என ஓர் அதிகாரம் உண்டு. தன் சினம் பலிக்கக்கூடிய எளியோரிடத்தில் அடங்குவதே அடக்கம் என்பதே அவ்வதிகாரத்தின் முதற்கருத்தாக அமைந்திருப்பதை ஓர்ந்து பார்க்க.

இதனை நாம் ஏட்டில் மட்டும் கற்றோமில்லை. நாம் ஒரு நூற்பாலையில் 22 ஆண்டுகள் உழைத்தோம். ஒருநாள் இரவு ஷிப்டில் இழைகள் அடிக்கடி அறுந்தன. குறை பஞ்சில் இருந்தது. ஆயினும் பலர் முன்னிலையில் நம்மை, நம் பிறப்பையும் சேர்த்து, ஒருவர் இழிவாகப் பேசினார். வாய் திறவாது நின்றோம். பொழுது விடிந்து வீடு சேர்ந்தோம். ஏழு வயதுடைய நம் மகள் கால் தடுக்கி நமக்கு வைத்திருந்த காப்பியைக் கொட்டிவிட்டாள். கையிலிருந்த பித்தளைத் தம்ளரை வீசினோம். அவள் புருவத்தின்மேல் பட்டது. மூன்று தையல்கள். மருத்துவமனையில் நம் சட்டையைப் பற்றிக்கொண்டு அவளே, “வலிக்கவில்லை அப்பா” என்றாள்.

நம்மை ஏசியவருக்குரிய தம்ளரை யாருக்கு எறிந்தோம்! அந்நாள் முதல்தான் தம்மத்தைப் பிறர்க்குச் சொல்லும் பொருளாகக் கருதாமல் நமக்கு மருந்தாகக் கருதத் தொடங்கினோம்.

4. உடலே முதல் ஏடு

சினம் மனத்தில் தோன்றுவது என்போம். ஆனால் அது தோன்றியதை முதலில் அறிவிப்பது உடலே. தாடை இறுகும்; தோள் காதை நோக்கி ஏறும்; மூச்சு குறுகி நெஞ்சின் மேற்பகுதியில் நிற்கும்; கை தானே மடங்கும். சிறுநீரகங்களின்மேல் உள்ள சுரப்பிகள் அட்ரினலின் என்னும் நீரைக் குருதியிற் கலக்க, இதயம் விரைந்து துடிக்கும். போரிடவோ ஓடவோ உடல் ஆயத்தமாகின்றது. ஆயத்தமான உடல் எதிரியைத் தேடுகின்றது. எதிரி இல்லாவிடின் குழந்தையும் எதிரியாகின்றது.

சதிபட்டான சூத்திரத்தில் பகவான் இந்நீவரணத்தை ஐந்து வகையாக அறியுமாறு பணிக்கின்றார். சினம் உள்ளபோது உள்ளது என அறிதல், இல்லாதபோது இல்லை என அறிதல், அது எழும் வகையை அறிதல், எழுந்தது நீங்கும் வகையை அறிதல், நீங்கியது மீண்டும் எழாத வகையை அறிதல் என்பன அவை. அதே சூத்திரத்தில், நடக்கும்போதும், கையை நீட்டும்போதும், மடக்கும்போதும் தெளிந்த அறிவோடு இருத்தல் காயானுபசனையின் ஒரு பகுதியாகக் கூறப்படுகின்றது. ஆதலின் உடலை மெல்ல அசைத்து அதனைக் கவனித்தல் நம் நெறிக்குப் புறம்பானதன்று.

சினத்தைக் கத்தித் தீர்த்தால் ஆறும் என்பர் சிலர். அமெரிக்காவின் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 154 ஆய்வுகளைத் திரட்டி, பதினாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பற்றிய முடிவை 2024இல் வெளியிட்டனர். உடலின் கிளர்ச்சியைத் தணிக்கும் தியானம், ஆழ்ந்த மூச்சு முதலியன சினத்தைக் குறைத்தன. கிளர்ச்சியை மிகுவிக்கும் செயல்கள் பொதுவாகக் குறைக்கவில்லை என்பதே அம்முடிவு. எரியும் அடுப்பில் விறகிட்டு நெருப்பைத் தீர்க்க முயல்வதை ஒக்கும் கத்தித் தீர்க்கும் முறை.

5. சீகுங் என்பது யாது?

சீன மொழியில் ‘சீ’ என்பது மூச்சையும் உயிராற்றலையும் குறிக்கும். ‘குங்’ என்பது விடாமுயற்சியால் வரும் தேர்ச்சி. மெல்லிய அசைவு, மூச்சு, கவனம் ஆகிய மூன்றும் ஒன்றுபடுவதே சீகுங். இப்பெயர் பரவியது 1950களிலேதான். வயிற்றுப் புண்ணால் நலிந்து இப்பயிற்சியால் நலம்பெற்ற லியு குயிசென் என்பவர் அதனை மருத்துவ நிலையங்களில் புகுத்தினார். பயிற்சியோ மிகப் பழையது. சீனத்து மாவாங்துய் என்னுமிடத்தில் கி.மு. 168இல் மூடப்பட்ட கல்லறை ஒன்று 1973இல் அகழப்பெற்றது. அதில் கிடைத்த பட்டோவியத்தில் இத்தகைய பயிற்சி செய்யும் 44 உருவங்கள் காணப்படுகின்றன.

இங்கே ஒரு வார்த்தை. இக்கலை முழுவதையும் காஞ்சியிலிருந்து சென்ற போதிதருமரே சீனர்க்குக் கற்பித்தார் என்று நம்மவர் பலர் பெருமையோடு கூறுகின்றனர். போதிதருமர் கி.பி. ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டினர். அப்பட்டோவியமோ அவருக்கு ஆறு நூற்றாண்டுகட்கும் முற்பட்டது. அவர் பெயரால் வழங்கும் தசைநார்ப் பயிற்சி நூலும் மிகப் பிற்காலத்தது என்பதே ஆராய்ச்சியாளர் கருத்து. அவர் தென்னிந்திய அரசன் ஒருவனின் மூன்றாம் மகன் என்று பழைய சீனக் குறிப்பு ஒன்று கூறுகின்றது. அப்பெருமை நமக்குப் போதும். நான்காம் சீலத்தைக் காக்கும் நாம் இனப்பெருமைக்காகப் பொய் சொல்லலாகாது. பிறர் கண்ட நல்ல மருந்தை, பிறர் கண்டது என்று சொல்லியே உண்போம்.

சினம் கல்லீரலைக் கெடுக்கும் எனச் சீன வைத்தியர் கூறுவர். நம் ஊரில் பித்தம் தலைக்கேறியது என்போம். இவை முன்னோர் வகுத்த கணக்கு; இன்றைய மருத்துவம் அவற்றை அவ்வாறே ஏற்பதில்லை. மெல்லிய நீண்ட மூச்சினால் இதயத்துடிப்பு தணிகின்றது என்பதனை மட்டும் எவரும் தம் நாடியைத் தொட்டே அறியலாம்.

6. பயிற்சி முறை

ஒரு பாய் விரிக்கும் இடமும் இருபது நிமிடமும் இதற்குப் போதும். மண்டி மொஹல்லாவில் அத்தகைய ஒற்றையறை வீடுகளில் வாழ்வோரும், விடியுமுன் சந்தைக்குச் சுமைதூக்கச் செல்வோரும் செய்யத்தக்கதையே சொல்கின்றோம்.

முதலாவது, நிற்றல். பாதங்களைத் தோளகலம் வைத்து, முழங்காலைச் சிறிது தளர்த்தி, கைகளைத் தொங்கவிட்டு நிற்க. தாடையையும் தோளையும் தளர்த்துக. பத்து மூச்சுகளை எண்ணுக.

இரண்டாவது, ‘பாதுவான்ஜின்’ எனப்படும் எட்டுப் பகுதிப் பயிற்சியின் முதற்பகுதி. விரல்களைக் கோத்து, மூச்சை உள்வாங்கியவாறு, உள்ளங்கை வானை நோக்கக் கைகளைத் தலைக்குமேல் உயர்த்துக. மூச்சை விட்டவாறு பக்கவாட்டில் மெல்ல இறக்குக. ஆறு முறை செய்க.

மூன்றாவது, அதன் ஏழாம் பகுதி. இதுவே நம் பாடத்திற்கு உயிர். கால்களை அகட்டி, முழங்காலை மடக்கி, இரு முட்டிகளையும் இடுப்பில் வைத்து, கண்களைச் சினந்தவன்போல் விழித்து, ஒரு முட்டியை மிக மெதுவாக முன்னே நீட்ட வேண்டும். பின்பு விரல்களை விரித்து, கையைச் சுழற்றி, மீண்டும் மடக்கி இடுப்புக்குக் கொணர வேண்டும். சினத்தின் வடிவம் முழுவதும் இதில் உண்டு. எதிரி மட்டும் இல்லை. மடங்கிய கை எப்படி இருக்கும், அது விரிகையில் எப்படி இருக்கும் என்பதை நிதானமாகக் காண்கின்றோம். விரியாத கை திரும்பி வருவதில்லை என்பதே இப்பகுதி கற்பிக்கும் பாடம்.

நான்காவது, அமர்ந்து ஆனாபானசதி. மூச்சு நெடிதாயின் நெடிது என்றும், குறிதாயின் குறிது என்றும் அறிந்திருக்க.

ஐந்தாவது, மேத்த பாவனை. ஐந்தாம் நூற்றாண்டில் இலங்கை அனுராதபுரத்தில் விசுத்திமக்கத்தை இயற்றிய புத்தகோசர், காஞ்சிபுரத்திலும் தங்கியிருந்தவர். அவர் கூறும் வரிசை இது: முதலில் தனக்கு நலம் விழைக, அடுத்து மதிப்புக்குரியவர்க்கு, பின் அன்புக்குரியவர்க்கு, பின் நட்பும் பகையும் அற்ற ஒருவர்க்கு, இறுதியிலேயே பகைவர்க்கு. படி தாண்டி முதல்நாளே பகைவரிடம் சென்றால் பாவனை முறியும். சினம் மீண்டால், எதன்மீது சினக்கின்றாய், அவன் தலைமயிர்மீதா, நகத்தின்மீதா என்று பகுத்துக் கேட்குமாறும் அவர் வழி சொல்கின்றார். பிறனை அடிக்க நெருப்புத் தணலை எடுப்பவன் முதலில் தன் கையையே சுட்டுக்கொள்கின்றான் என்பதும் அந்நூலில் உள்ள உவமை.

எச்சரிக்கை: மூச்சை அடக்கி நிறுத்தற்க. தலை சுற்றினால் அமர்க. குருதி அழுத்தத்திற்கும் மனநோய்க்கும் மருந்துண்போர் மருந்தை நிறுத்தலாகாது.

7. ஓர் ஐயமும் விடையும்

“காலங்காலமாக இழிவுபடுத்தப்பட்ட மக்களைப் பார்த்துச் சினத்தை விடு என்பது, அடித்தவனுக்குத் துணைபோவது அன்றோ?” என்று இளைஞர்கள் நம்மைக் கேட்கின்றனர். நேர்மையான கேள்வி. அவர்கள் கேட்பதில் நமக்கு மகிழ்ச்சியே.

1927 மார்ச்சில் மஹாத் நகரில் அண்ணல் அம்பேத்கர் தம் மக்களுடன் சௌதார் குளத்து நீரைப் பருகினார். அதன்பின் சாதி வெறியர் அம்மக்களைத் தாக்கினர். பழிவாங்க எண்ணியவர்களை அண்ணல் தடுத்தார். ஆனால் உரிமையை விட்டாரில்லை. வழக்கு பம்பாய் உயர்நீதிமன்றம் வரை சென்று 1937இல் அம்மக்கள் பக்கம் தீர்ப்பாயிற்று. பத்தாண்டுகள்! சினம் பத்து நிமிடம் எரியும். பத்தாண்டு வழக்கை நடத்த அதனால் இயலாது. அதற்குத் தெளிந்த அறிவும் சலியாத உறுதியும் வேண்டும். அவரே 1956 அக்டோபர் 14இல் நாகபுரியில் பல லட்சம் மக்களுடன் புத்தரைச் சரணடைந்தார்.

நம் மைசூரு மாவட்டத்துப் பைலகுப்பையில், நாட்டை இழந்து வந்த திபெத்தியர் 1960களின் தொடக்கம் முதல் வாழ்கின்றனர். சீனச் சிறையில் ஏறத்தாழ 18 ஆண்டுகள் கழித்து வந்த துறவி ஒருவரைப் பற்றித் தலாய் லாமா பலமுறை கூறியுள்ளார். சிறையில் ஆபத்தை எதிர்கொண்டதாக அத்துறவி சொன்னாராம். எவ்வகை ஆபத்து என வினவ, சீனர்மீது கருணையை இழந்துவிடும் ஆபத்து என்றாராம். அவர் சிறையை நியாயம் என்று சொல்லவில்லை. தம் மனத்தையும் சிறைக்காவலரிடம் ஒப்படைக்க மறுத்தார், அவ்வளவே.

ஆகவே, அநீதியை எதிர்ப்பது வேறு. சினத்தைச் சுமப்பது வேறு. மேலுள்ளோரிடம் சொல்லவேண்டியதைச் சொல்லாமல் விழுங்கிய அச்சமே நம்மிடம் தம்ளராகப் பறந்தது. அன்று ஷிப்டு முடியுமுன், பஞ்சின் குறையையும் அவர் சொன்ன இழிசொல்லையும் அமைதியாக எழுதிக் கொடுத்திருப்போமாயின், அது வீரம். அதுவே தம்மமும் ஆகும். நாம் அதைச் செய்யவில்லை.

8. முடிவுரை

பயிற்சி தொடங்கிய முதல் வாரத்தில், இரண்டாம் பகுதிக்காகக் கைகளை உயர்த்தினோம். அறையின் மூலையிலிருந்த மகள் தலையை மறைத்துக்கொண்டு ஒதுங்கினாள். நமக்கு எந்தப் பிக்குவும் அதைவிடப் பெரிய உபதேசம் செய்ததில்லை. அவள் ஒதுங்காமல் இருக்கப் பல மாதங்கள் ஆயின. இன்று அவளுக்குத் திருமணமாகிவிட்டது. தழும்பு புருவத்தில் உள்ளது. சினம் நீரில் கீறிய கோடாக மறையலாம். அது செய்த செயல் கல்லில் கீறியதே. ஆதலின் செயலாகுமுன் தணிப்போமாக.

சிந்திக்க வினாக்கள்:

1. கடைசியாக நாம் சினந்தது யார்மீது? அவர் நமக்கு மேலானவரா, கீழானவரா?

2. அச்சினம் உண்மையில் யாருக்குரியது?

3. சினம் எழும்போது உடலில் முதலில் இறுகுவது எது?

4. நாம் கையை உயர்த்தினால் ஒதுங்குவார் நம் வீட்டில் உளரா?

நான்காம் வினாவிற்குரிய விடையை வரும் பௌர்ணமிக்குள் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டில் காண்பீர்களாக.

நமோ புத்தாய!