பள்ளிப் படிப்பிற்குப் பின் தொழிற்கல்வி

மே மாதத்தில் பொதுத் தேர்வு முடிவுகள் வெளியானதும் நம் சங்கங்களில் ஒருவகை மனுக்கள் வந்து குவிவது வழக்கம். பிள்ளையின் மேற்படிப்பிற்காகச் சேமிப்பு நிதியிலிருந்து பணம் வேண்டும் என்பதே அம்மனுக்களின் சாரம். சென்ற ஆண்டு உறையூர்ப் பகுதியிலுள்ள ஒரு நெசவாளர் சங்கத்தைப் பார்வையிட நாம் சென்றிருந்தபோது, அத்தகைய மனுவொன்றுடன் ஓர் அங்கத்தினர் வந்தார். அவர் தம் மூத்த மகனைக் கடன் வாங்கித் தொலைவிலுள்ள ஒரு தனியார் பொறியியற் கல்லூரியில் சேர்த்திருந்தார். இரண்டாம் ஆண்டோடு படிப்பு நின்றுவிட்டது. வட்டி மட்டும் நிற்கவில்லை. இளைய மகன் அவ்வாண்டு பத்தாம் வகுப்பில் நடுத்தர மதிப்பெண்களுடன் தேறியிருந்தான். வீட்டில் தார் சுற்றும் மின் இராட்டை பழுதுபட்டால் அதைப் பிரித்துச் சரிசெய்பவன் அவனே.

"ஐயா, இவனை ஐ.டி.ஐ.யில் சேர்க்கலாம் என்று பள்ளிக்கூடத்து வாத்தியார் சொல்கிறார். அங்கே சேர்த்தால் படிப்பு அதோடு முடிந்துபோகுமே! பிறகு மேலே வர முடியுமா?" என்று அவர் கேட்டார்.

இக்கேள்வி அவர் ஒருவருடையது அன்று. தறி முன் அமர்ந்திருப்பவரும், ஸ்ரீரங்கம் தீவில் வாழைத் தோட்டம் வைத்திருப்பவரும் ஒருங்கே கேட்கும் கேள்வி இது. விடையை முதலிலேயே கூறிவிடுவோம். தொழிற்பயிற்சி படிப்பின் முடிவன்று. மேலே செல்லும் மற்றொரு படிக்கட்டு. அதன் படிகளை அறிந்தவர் அச்சமின்றி ஏறலாம். அறியாதவரே கடன் வாங்கி ஏமாறுகின்றனர்.

திருச்சிராப்பள்ளியும் கைத்தொழிலும்

தொழில் கற்றுப் பிழைப்பது நம் ஊருக்குப் புதிதன்று. உறையூரின் மெல்லிய பருத்தித் துணிகளைப் பற்றி ஏறத்தாழ 2,000 ஆண்டுகட்கு முன் எழுதப்பட்ட கிரேக்கக் கடற்பயண நூலான 'பெரிப்புளுஸ்' குறிப்பிடுகின்றது. அக்காலத்தில் தகப்பனே ஆசிரியர், தறியே பள்ளிக்கூடம். இருபதாம் நூற்றாண்டில் பெரிய தொழிற்கூடங்கள் தோன்றின. நாகப்பட்டினத்தில் இருந்த தென்னிந்திய இரயில்வேயின் பணிமனை 1928-ஆம் ஆண்டளவில் பொன்மலைக்கு வந்து சேர்ந்தது. திருவெறும்பூரில் பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் தொழிற்சாலை 1965-இல் உற்பத்தியைத் தொடங்கியது. பற்றவைப்புத் தொழிலை ஆராய்வதற்கென்றே அங்கு 1975-இல் ஓர் ஆராய்ச்சி நிலையமும் ஏற்பட்டது.

இத்தொழிற்கூடங்களுக்கு வேண்டிய கைகளைத் தகப்பன்மார் மட்டும் பழக்கிவிட இயலாது. ஆகவே தொழிற்கல்வி நிலையங்களும் இங்கே வளர்ந்தன. சேஷசாயி தொழில்நுட்பப் பயிலகம் 1952-இலும், இன்று தேசியத் தொழில்நுட்பக் கழகமாக விளங்கும் வட்டாரப் பொறியியற் கல்லூரி 1964-இலும் தொடங்கப்பெற்றன. பிற மாவட்டத்துப் பிள்ளைகள் அறை எடுத்துத் தங்கிக் கற்பதை நம் பிள்ளைகள் வீட்டுச் சோறு உண்டு கற்கலாம். இவ்வசதியின் அருமையை நாம் போதிய அளவு உணரவில்லை.

மூன்று வழிகள்

பத்தாம் வகுப்புத் தேறிய மாணவனுக்கோ மாணவிக்கோ முன்னால் மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, அரசினர் தொழிற்பயிற்சி நிலையம். இதையே மக்கள் ஐ.டி.ஐ. என்று வழங்குகின்றனர். நாடெங்கும் ஒரே முறையில் கைவினைஞரைப் பயிற்றும் இத்திட்டம் 1950-இல் தொடங்கியது. பிட்டர், எலக்ட்ரீஷியன் போன்ற பிரிவுகள் 2 ஆண்டு. வெல்டர் பிரிவு 1 ஆண்டு. வெல்டர், வயர்மேன் போன்ற சில பிரிவுகளில் எட்டாம் வகுப்புத் தேறியவரும் சேரலாம். நம் மாவட்டத்தில் திருவெறும்பூரில் இந்நிலையம் இருக்கின்றது. மகளிர்க்கெனத் தனி நிலையமும் திருச்சியில் உண்டு. தமிழக அரசு 2022-இல் செய்துகொண்ட ஓர் ஒப்பந்தத்தின்படி 71 அரசு நிலையங்களில் புதிய இயந்திரங்கள் நிறுவப்பட்டு, தானியங்கி இயந்திரம் போன்ற இக்காலப் பிரிவுகளும் சேர்க்கப்பட்டன.

இரண்டாவது, பாலிடெக்னிக். இது 3 ஆண்டு டிப்ளமோ படிப்பு. கணக்கிலும் விஞ்ஞானத்திலும் ஓரளவு பற்றுள்ள பிள்ளைகளுக்கு ஏற்றது. துவாக்குடியில் அரசு பாலிடெக்னிக் கல்லூரி உள்ளது. ஸ்ரீரங்கம் அரசு பாலிடெக்னிக் என்பது பெயரளவில் ஸ்ரீரங்கமாயினும், அமைந்திருப்பது தீவிலன்று, சேதுராப்பட்டியில். பேருந்து நேரத்தை விசாரித்துக்கொண்டு மனுச் செய்தல் நலம்.

மூன்றாவது, மேல்நிலைப் பள்ளியிலேயே தொழிற்கல்விப் பாடப்பிரிவு. 1978-இல் தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி ஏற்பட்டபோதே இப்பிரிவும் உடன் பிறந்தது. பல பெற்றோர் இதனை மதிப்பெண் குறைந்தவர்க்கான ஒதுக்குப்புறம் என்று கருதுகின்றனர். அக்கருத்துச் சரியன்று. பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழும் ஒரு தொழிலின் அடிப்படை அறிவும் சேர்ந்து கிடைப்பது இழப்பாகாது.

படிமேற் படி

நம் அங்கத்தினர் கேட்ட கேள்விக்கு விடை இப்பகுதியிலேயே உள்ளது. பத்தாம் வகுப்புத் தேறி, 2 ஆண்டு ஐ.டி.ஐ. பயிற்சியும் முடித்தவன் பாலிடெக்னிக்கில் நேரே இரண்டாம் ஆண்டில் சேரலாம். டிப்ளமோ பெற்றவன் பொறியியற் கல்லூரியில் நேரே இரண்டாம் ஆண்டில் சேரலாம். ஐ.டி.ஐ. முடித்தவர் மொழிப் பாடத் தேர்வுகளை மட்டும் எழுதித் தேறி, பன்னிரண்டாம் வகுப்பிற்கு இணையான சான்று பெறவும் வழி செய்யப்பட்டுள்ளது.

இவ்வழியிற் செல்பவனுக்கு ஆண்டு சற்றுக் கூடலாம். இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இரண்டு வழிகளுக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். நேர்வழியில் பொறியியற் பட்டத்திற்குச் சென்றவன் நடுவில் நிற்க நேர்ந்தால் கையில் எதுவும் இராது. படிமுறையில் ஏறுபவன் எந்தப் படியில் நின்றாலும் அப்படிக்குரிய சான்றிதழும் தொழிலும் அவன் கையில் இருக்கும். அங்கத்தினருடைய மூத்த மகனுக்கு நேர்ந்தது முதல்வகை. ஏழைக் குடும்பத்திற்கு இவ்வேறுபாடே உயிர்நாடி.

இன்னொரு படியும் உண்டு. 1961-ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டத்தின்படி, ஐ.டி.ஐ. முடித்தவர்கள் பெரிய தொழிற்சாலைகளில் உதவித்தொகையுடன் பயிற்சி பெறலாம். பாரத மிகுமின் நிறுவனமும் பொன்மலைப் பணிமனையும் இவ்வாறு பழகுநர்களை எடுத்துக்கொள்கின்றன. பழகுநர் பயிற்சி நிரந்தர வேலைக்கு உறுதிமொழியன்று என்பதை மட்டும் மறவாதிருத்தல் வேண்டும்.

செலவும் உதவியும்

அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்களில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும், மிதிவண்டி, சீருடை, பாடநூல், பேருந்துச் சலுகை முதலியனவும் தரப்படுகின்றன. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்த மாணவியர் உயர்கல்வியில் சேர்ந்தால், 2022-இல் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் பெறலாம். மாணவர்க்கான தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024-இல் தொடங்கியது. கல்லூரி மாணவர் மட்டுமன்றி, டிப்ளமோ, ஐ.டி.ஐ. பயில்வோரும் இவற்றிற்கு உரியவர் என்பதைப் பலர் அறியார்.

நெசவாளர்க்கும் விவசாயிகட்கும் உரியவை

இவற்றைக் கேட்ட அங்கத்தினர் இரண்டாவதாக ஒன்று கேட்டார். "எல்லாம் சரி ஐயா. பிள்ளைகளெல்லாம் வெளியே போய்விட்டால் இந்தத் தறியை யார் பார்ப்பது?"

இதற்கு எளிய விடை கூறுதல் நேர்மையாகாது. இன்றைய கூலியில் பிள்ளையைத் தறியிலேயே உட்கார வையுங்கள் என்று எந்தத் தகப்பனிடமும் நாம் சொல்லத் துணியோம். ஆயினும் தறிக்குத் தொடர்பான கல்வி, தறியில் அமர்வது மட்டுமன்று. சேலத்தில் 1960-இல் நிறுவப்பட்ட இந்தியக் கைத்தறித் தொழில்நுட்பக் கழகம் பத்தாம் வகுப்புத் தேறியோர்க்கு 3 ஆண்டு டிப்ளமோ நடத்துகின்றது. பட்டப்படிப்பும் அங்கு உண்டு. சாயமிடல், வடிவமைப்பு, துணியின் தரச் சோதனை ஆகியவற்றைக் கற்பவன் ஒரு தறியை மட்டுமன்று, நூறு தறியை வாழவைக்கக் கூடியவன். பாவும் ஊடையும் பார்த்து வளர்ந்த பிள்ளை பிறரினும் விரைவில் இவற்றைக் கற்பான். நெசவாளர் பிள்ளைகளின் ஜவுளிக் கல்விக்கு மத்திய அரசின் கைத்தறித் திட்டத்திலும் உதவித்தொகை வகுக்கப்பட்டுள்ளது. அதன் விதிகளை நெசவாளர் சேவை மையத்திலும் கைத்தறித் துறை அலுவலகத்திலும் விசாரிக்கலாம்.

விவசாயிகளின் பிள்ளைகட்கும் வாய்ப்புகள் அருகிலேயே உள்ளன. நாவலூர் குட்டப்பட்டில் அன்பில் தர்மலிங்கம் வேளாண்மைக் கல்லூரியும், மகளிர்க்கான தோட்டக்கலைக் கல்லூரியும் இருக்கின்றன. இவை பன்னிரண்டாம் வகுப்பிற்குப் பின் சேரத்தக்கவை. திருச்சியில் 1993-இல் தொடங்கப்பெற்ற தேசிய வாழை ஆராய்ச்சி மையம், வாழைக்காய் மாவு முதலிய பண்டங்கள் செய்தல், மட்டையிலிருந்து நார் எடுத்தல் ஆகியவற்றில் பயிற்சி அளிக்கின்றது. வெட்டி எறியும் மட்டையிலிருந்து நாரும், நாரிலிருந்து பையும் பாயும் உண்டாகும்போது, விவசாயியும் நெசவாளரும் ஒரு தொழிலிலேயே சந்திக்கின்றனர்.

நம் கூட்டுறவு இயக்கத்திற்கும் பயிற்சி பெற்ற இளைஞர் தேவை. பன்னிரண்டாம் வகுப்புத் தேறியவர் கூட்டுறவு மேலாண்மை நிலையத்தில் பட்டயப் பயிற்சி பெறலாம். சங்கப் பணியிடங்களுக்கு இப்பயிற்சி வேண்டப்படுகின்றது.

எச்சரிக்கை

சில எச்சரிக்கைகளையும் கூறுதல் நம் கடமை. தனியார் நிலையத்தில் சேர்க்குமுன், அந்நிலையம் மட்டுமன்றி, பிள்ளை சேரவிருக்கும் அதே பிரிவும் அரசு அங்கீகாரம் பெற்றதா என்று பாருங்கள். பட்டறைக்குள் சென்று இயந்திரங்கள் ஓடுகின்றனவா என்று நேரில் காணுங்கள். தூசி படிந்த இயந்திரம் எதையும் கற்பிக்காது. தரகர் மூலம் இடம் வாங்காதீர்கள். மூலச் சான்றிதழ்களை நிறுவனம் தன்னிடம் நிறுத்தி வைத்துக்கொள்ளலாகாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவித்துள்ளது. நம் அங்கத்தினரோ மூத்த மகனுடைய சான்றிதழைத் திரும்பப் பெறவே பலமுறை அலைந்திருந்தார்.

ஒரே தொழிற்சாலையை நம்பித் தொழில் கற்பதும் தவறு. 2010-க்குப் பிந்திய ஆண்டுகளில் அனல்மின் கொதிகலன்களுக்கான வேலை குறைந்தபோது, திருச்சியின் துணைத் தொழிற்கூடங்கள் பல வேலையின்றித் தவித்தன. குழாயைப் பற்றவைக்க மட்டுமே அறிந்தவன் தவித்தான். வரைபடம் படிக்கவும் அளவு பார்க்கவும் கற்றிருந்தவன் வேறிடம் தேடிக்கொண்டான். தொழிலோடு கணக்கும் மொழியும் கைவிடலாகாது என்பதற்கு இதுவே காரணம்.

சங்கம் செய்யக்கூடியவை

ஒவ்வொரு சங்கமும் ஆண்டுதோறும் மே மாதத்தில் ஒரு மாலைப்பொழுதை இதற்கென ஒதுக்கலாம். பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் எழுதிய பிள்ளைகளைப் பெற்றோருடன் அழைக்கலாம். தொழில் கற்று வேலையிலிருக்கும் அங்கத்தினர் பிள்ளைகள் இருவரைப் பேசச் செய்யலாம். இணையத்தில் மனுச் செய்ய இயலாதவர்க்குச் சங்க எழுத்தர் உதவலாம். இதற்குப் பெருஞ்செலவில்லை, மனம் ஒன்றே வேண்டும்.

நிற்க. அந்த அங்கத்தினர் அன்று கேட்ட தொகையில் ஒரு பகுதியை மட்டும் பெற்று மூத்த மகனுடைய கடனில் கொஞ்சம் அடைத்தார். இளையவன் திருவெறும்பூரில் எலக்ட்ரீஷியன் பிரிவில் சேர்ந்தான். இப்பொழுது இரண்டாம் ஆண்டில் படிக்கின்றான். அவன் எந்தப் படிவரை ஏறுவான் என்பதை இன்று யாரும் சொல்ல முடியாது. விடுமுறை நாட்களில் சங்கத்து மின் இராட்டைகளைச் சரிபார்த்துத் தருகின்றான். அதற்குரிய கூலியைச் சங்கம் கணக்கெழுதிக் கொடுக்கின்றது. தகப்பனுடைய கடன் புத்தகத்தில் இவன் பெயரால் ஒரு வரியும் ஏறவில்லை.

ஆலோசனைக்குரிய வினாக்கள்

1. உங்கள் சங்கத்தில் இவ்வாண்டு பத்தாம் வகுப்பு எழுதிய பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்கள் எங்கே சேர எண்ணியுள்ளனர்?

2. ஐ.டி.ஐ. முடித்தவர் பொறியியற் பட்டம்வரை செல்லும் படிகளை வரிசையாகக் கூறுக.

3. பிள்ளையின் படிப்பிற்காக வெளியில் கடன் வாங்கிய அங்கத்தினர் உங்கள் சங்கத்தில் உண்டா? எந்த உதவியை அறிந்திருந்தால் அக்கடன் குறைந்திருக்கும்?

4. உங்கள் சங்கத்திற்கு இன்று தேவையான, ஆனால் அங்கத்தினர் எவரும் கற்றிராத தொழில் எது? அதைக் கற்க யாருடைய பிள்ளையை அனுப்பலாம்?