பாங்குக் கட்டணமும் வழக்கும்

நெய்த துணிக்குக் கூலி பெற்று, அதில் மிச்சம் பிடித்துச் சேமிப்புக் கணக்கில் இட்ட பணம், 'குறைந்தபட்ச இருப்பு இல்லை' என்ற காரணத்தால் குறைந்திருப்பதைப் பாஸ் புத்தகத்தில் கண்டு திகைக்கும் அங்கத்தினர் உண்டு. 'எடுத்தது எடுத்ததுதான்' என்று வாளாவிருப்போரும் உளர். உடனே கோர்ட்டுக்குப் போகக் கிளம்புவோரும் உளர். இரண்டும் சரியன்று. வணிக பாங்குகளைப் பொறுத்தமட்டில் முறை யாது என்பதை இப்பாடத்தில் காண்போம்.

முதற்கண் கேட்கவேண்டியது, 'கட்டணம் அதிகமா?' என்பதன்று, 'விதி மீறப்பட்டதா?' என்பதேயாம். ரிசர்வ் பாங்கு 2014 நவம்பரில் வெளியிட்டு, 2015 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதிகளுள் மூன்றை மனத்திற்கொள்க.

1. இருப்புக் குறைவைத் தெரிவித்து, ஒரு மாதத்திற்குள் ஈடுசெய்யாவிடில் கட்டணம் உண்டு என்று பாங்கு அறிவித்தல் வேண்டும்.

2. கட்டணம், குறைந்துள்ள தொகையின் அளவிற்கு ஏற்றதாக இருத்தல் வேண்டும்.

3. இக்கட்டணம் ஒன்றினாலேயே இருப்பு பூஜ்யத்திற்குக் கீழே செல்லலாகாது.

உதாரணமாக, ஒருவர் கணக்கில் 200 ரூபாய் உள்ளது. பாங்கு 300 ரூபாய் கட்டணமும், 18 சதவீத வரியாக 54 ரூபாயும் சேர்த்து 354 ரூபாய் பற்று எழுதுகிறது. அவர் 154 ரூபாய் கடன்காரர் ஆகிறார். மூன்றாம் விதி மீறப்பட்டதற்குப் பாஸ் புத்தகமே சாட்சி. அறிவிப்பும் வரவில்லையெனில் முழுத் தொகையையும் திரும்பக் கேட்கலாம்.

இனிச் செய்யவேண்டியது யாது? பற்று எழுதிய தேதி, தொகை, மீறப்பட்ட விதி ஆகியவற்றைக் குறித்துக் கிளை மானேஜருக்கு எழுத்து மூலம் மனுக் கொடுத்து, நகலில் ஒப்பம் பெறுக. வாய்ப்பேச்சு சாட்சியாகாது. 30 நாட்களில் பதில் வராவிடினும், வந்த பதில் திருப்தியளிக்காவிடினும், ரிசர்வ் பாங்கின் குறைதீர்ப்பாளருக்கு முறையிடலாம். அதற்குக் கட்டணமில்லை, வக்கீலும் வேண்டியதில்லை.

ஆனால் ஓர் எச்சரிக்கை. அதே விஷயம் கோர்ட்டில் இருக்குமாயின் குறைதீர்ப்பாளர் அதனை ஏற்கமாட்டார். முதலிலேயே வழக்குத் தொடுப்பவர், செலவற்ற வாயிலைத் தம் கையாலேயே அடைத்துக்கொள்கிறார்.

அங்கும் நியாயம் கிட்டாதபோதுதான் வழக்கைப் பற்றி யோசித்தல் தகும். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தை நாடலாம். வழக்கிற்குக் காரணம் தோன்றிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்தல் வேண்டும். ஆகவே தேதியை மறவற்க. 354 ரூபாய்க்காக எத்தனை நாள் தறியை நிறுத்துவது என்பதையும் எண்ணிப் பார்க்க. ஒரே குறையுடையோர் பலர் இருப்பின், ஆணையத்தின் அனுமதி பெற்றுக் கூட்டாக மனுச் செய்யலாம். தனியொருவருக்குப் பாரமாவது பலருக்கு எளிதாகும் என்பது கூட்டுறவாளர் அறிந்ததே.

இருப்புக் குறையும் இடர் மீண்டும் வாராதிருக்க, குறைந்தபட்ச இருப்பு தேவையில்லாத அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாற்றித் தருமாறு பாங்கைக் கேட்டுக்கொள்க.

சங்கக் கூட்டத்தில் விவாதிக்க:

1. உங்கள் பாஸ் புத்தகத்தில் சென்ற இரண்டு ஆண்டுகளில் பிடிக்கப்பட்ட கட்டணங்கள் யாவை?

2. அவற்றுள் எவை விதிக்குப் புறம்பானவை?