கோடை வெயிலும் தேனீப் பெட்டியும்

நம் அன்பர்களில் தென்காசி, கடையநல்லூர், இராமநாதபுரம் பக்கங்களில் சொந்தத் தோப்புத் துரவு உள்ளவர்கள் பலர். தோப்பிலே இரண்டு தேனீப் பெட்டிகள் வைத்தால் வீட்டுக்குத் தேனும் ஆகும், மரங்களுக்குக் காய்ப்பும் கூடும் என்ற எண்ணம் எழுவது இயல்பே. பெட்டி வாங்குவது எளிது. சித்திரை, வைகாசி வெயிலில் அதைக் காப்பாற்றுவதுதான் கடினம். காலையில் இரைச்சலோடு இருந்த கூட்டம் மாலைக்குள் பெட்டியைக் காலி செய்துவிட்டுப் போய்விடுவதுண்டு. முதல் போட்டவர் இங்கே கடையில் இருப்பார். செய்தி மட்டும் வந்து சேரும். ஆகவே இவ்விஷயத்தைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

தேனீக் கூட்டின் நடுவே முட்டையும் புழுவும் இருக்கும் அடைகளுக்கு ஏறக்குறைய 33 முதல் 36 டிகிரி சென்டிகிரேடு வரையிலான வெப்பம் வேண்டும். அதற்கு மேல் ஏறினால் வளரும் புழுக்களுக்குக் கேடு. மெழுகு உருகுவதற்கு 60 டிகிரிக்கு மேல் வேண்டும் என்பது உண்மையே. ஆனால் 40 டிகிரியைத் தாண்டும்போதே அது இளகத் தொடங்கிவிடும். தேன் நிறைந்த கனத்த அடை அவ்வேளையில் தன் பாரத்தைத் தானே தாங்கமாட்டாமல் இற்று விழும். புதிதாகக் கட்டிய வெள்ளை அடைக்கு இந்த ஆபத்து அதிகம்.

இதைத் தடுக்கத் தேனீக்கள் சும்மா இருப்பதில்லை. வெயில் ஏறியதும் ஒரு பகுதி ஈக்கள் வாயிலில் வரிசையாக நின்று சிறகால் விசிறும். வேறு சில தண்ணீர் கொண்டுவரும். உள்ளே இருப்பவை அத்தண்ணீரை வாங்கி, அறைகளின் விளிம்பிலும் புழுக்களின் மேற்புறத்திலும் மெல்லிய படலமாகப் பூசிவைக்கும். விசிறிய காற்றுப் பட்டு நீர் ஆவியாகும். ஆவியாகும்போது வெப்பத்தையும் கொண்டுபோகும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான்.

மார்ட்டின் லிண்டவர் என்னும் ஜெர்மானிய அறிஞர் இதை 1950களில் சோதித்துப் பார்த்தார். இத்தாலியில் சலெர்னோ அருகே, எரிமலைக் குழம்பு இறுகிக் கிடந்த வெட்டவெளியில், கொளுத்தும் வெயிலில் ஒரு பெட்டியை வைத்தார். வெளியே வெப்பம் மிகக் கடுமையாக இருந்தது. ஆனால் ஈக்களுக்குத் தண்ணீர் தாராளமாகக் கிடைத்தவரை பெட்டியின் உட்புறம் 35 டிகிரியிலேயே நின்றது!

அவர் கண்டுசொன்ன மற்றொரு செய்தி வணிகர்களுக்கு மிகவும் ரசிக்கத்தக்கது. கூட்டுக்குள்ளே உஷ்ணம் ஏறியது என்பதைத் தண்ணீர் சுமக்கும் ஈ எப்படி அறியும்? அது வெளியே அல்லவா திரிகிறது? சரக்கு போகிற வேகத்தைக் கொண்டுதான் அறிகிறது. தண்ணீரோடு வந்ததும் உள்ளே இருப்பவை ஓடிவந்து ஒரு நிமிடத்துக்குள் வாங்கிக்கொண்டால், தேவை இருக்கிறது என்று கண்டு மறுபடியும் பறக்கும். நடனமாடி மற்ற ஈக்களையும் அழைக்கும். வாங்குவார் இல்லாமல் காத்து நிற்க நேர்ந்தால் ஊக்கம் குறையும். மூன்று நிமிடம் போல் தாமதித்தால் அந்த வேலையையே ஏறக்குறைய விட்டுவிடும். முதலாளியும் இல்லை, கணக்கப்பிள்ளையும் இல்லை. ஆயினும் கொள்முதல் தவறுவதில்லை.

இதிலிருந்து விளங்குவது யாதெனில், பெட்டியைக் குளிரவைக்கும் வேலையை ஈக்களே செய்துகொள்ளும். நாம் செய்யவேண்டியது அவற்றின் சுமையைக் குறைப்பதே. முதலாவது தண்ணீர். கடுங்கோடையில் வலுத்த கூட்டம் ஒன்று நாளொன்றுக்கு ஒரு லிட்டர் வரைகூடச் செலவழிக்கும். வாயகன்ற மண்சட்டியில் நீர் ஊற்றி, கூழாங்கல்லோ தேங்காய் மட்டையோ போட்டு, ஈ மூழ்காமல் உட்கார இடம் செய்யவேண்டும். சட்டியை நிழலில், பெட்டியிலிருந்து சிறிது தள்ளி வைக்கவேண்டும். ஈக்கள் பறக்கும் வழியின் கீழே வைத்தால் எச்சம் விழும். இதை வெயில் உறைப்பதற்கு முன்பே, மாசியிலேயே தொடங்கிவிடுவது நலம். ஏனெனில் ஈக்கள் ஓரிடத்தில் பழகிவிட்டால் அதை எளிதில் மாற்றா. பழகிய சட்டி ஒரு நண்பகல் வறண்டு கிடந்தாலும் நஷ்டம் நஷ்டந்தான். சர்க்கரை கலக்கக்கூடாது, அது எறும்பையும் அயல் கூட்டத்து ஈயையும் கொள்ளைக்கு அழைப்பதாகும்.

இரண்டாவது நிழல். காலை வெயில் படலாம். பிற்பகல் வெயில் படக்கூடாது. வேம்பு, புங்கை, மா ஆகியவற்றின் கிழக்குப் பக்கம் ஏற்றது. தென்னை நிழல் நகர்ந்துகொண்டே இருக்கும். அதை நம்பினால் மேலே கீற்றுப் பந்தல் ஒன்றும் போடவேண்டும். மழைக்காகத் தகரம் அடித்த மூடியாயின், அதன்மேல் ஒரு கட்டுத் தென்னங்கீற்றோ வைக்கோலோ பரப்பிக் கயிற்றால் கட்டிவிடுங்கள். வெறுந்தகரம் அடுப்புக் கல்லுக்குச் சமானம். பெட்டிக்கு வெள்ளை வர்ணம் பூசுவதும் பயன் தரும். ஓமான் நாட்டார் குடைந்த பேரீச்ச மரத்துண்டுகளிலும், பண்டைய எகிப்தியர் களிமண் குழாய்களிலும் தேனீ வளர்த்தனர். வெயில் நாட்டில் சுவர் கனமாக இருப்பது நல்லது என்பதை நம் தச்சர்களும் கவனிக்கவேண்டும். மெல்லிய பலகை விலை குறைவு என்று வாங்குவது லாபமன்று.

நண்பகலில் மூடியின்மேல் ஈரச்சாக்குப் போடலாம். உள்ளே நீர் சொட்டக்கூடாது. இந்த உபாயம் உலர்ந்த காற்றுள்ள ஊருக்கே நன்றாகப் பலிக்கும். சிங்கப்பூர், மலேசியா போன்ற புழுக்கமான இடங்களில் சாக்கு எளிதில் உலராது. ஆகவே குளிர்ச்சியும் குறைவு. இங்கே வளர்ப்பவர்களுக்கு நிழலும் காற்றோட்டமுமே கைகொடுக்கும்.

நம் நாட்டுத் தேனீக்கும் இத்தாலியத் தேனீக்கும் ஒரு வேற்றுமை உண்டு. இத்தாலிய ஈ வாயிலில் உள்நோக்கித் தலைவைத்து விசிறி, உள்ளிருக்கும் சூட்டை வெளியே இழுக்கும். நம் ஈயோ வெளிநோக்கித் தலைவைத்து நின்று வெளிக்காற்றை உள்ளே தள்ளும். வாயிலுக்கு எதிரே சூடேறிய சுவரோ சிமெண்டுத் தளமோ இருந்தால் அந்த அனலே உள்ளே போகும். ஆதலால் நம் ஈக்குப் பெட்டி வைக்கும்போது வாயிலுக்கு முன்னே புல்லும் செடியும் இருக்கட்டும். மேலும் நம் ஈ பொறுமை குறைந்தது. இடம் பிடிக்காவிட்டால் கூட்டோடு கிளம்பிவிடும்.

மாலையில் ஈக்கள் வாயிலுக்கு வெளியே தாடிபோல் தொங்குவதைக் கண்டு பயந்து புகை போட்டு உள்ளே விரட்டுவோர் உண்டு. அவை உள்ளே காற்று நடமாட இடம்விட்டு வெளியே வந்திருக்கின்றன. அவற்றை அப்படியே விடவேண்டும். உச்சிவேளையில் பெட்டியைத் திறப்பதும் வேண்டாம். பார்க்கவேண்டியதை விடிந்து ஒரு மணி நேரத்துக்குள் பார்த்துவிடலாம். எறும்புக்காகக் கால்களின் கீழ் வைத்த கிண்ணங்களில் தண்ணீர் வற்றியிருந்தால் அப்போதே ஊற்றிவிடவேண்டும்.

இவ்வளவையும் அன்றாடம் செய்ய ஊரில் ஓர் ஆள் வேண்டும். வயதான வாப்பாவிடமோ, வாரம் ஒருமுறை வரும் தோட்டக்காரரிடமோ ஒப்படைத்துவிட்டுப் பயணம் புறப்படுவதாக இருந்தால், கோடைக்கு முன் பெட்டி வாங்காமல் இருப்பதே மேல். மழைக்காலம் கழிந்தபின் பார்த்துக்கொள்ளலாம்.

எல்லாம் செய்தும் ஓர் அடை இற்று விழுந்துவிட்டால், மாலை வரை பொறுத்து, வெயில் தணிந்ததும் பெட்டியைத் திறந்து, தேன் உள்ள துண்டுகளை அகற்றிவிடுங்கள். புழு உள்ள துண்டைச் சட்டத்தில் பொருத்தி வாழைநாரால் கட்டி மீண்டும் உள்ளே வைக்கலாம். ஈக்களே மெழுகு வைத்து ஒட்டிக்கொள்ளும். அடிப்பலகையில் வழிந்த தேனை ஈரத்துணியால் துடைத்து, வாயிலை இரண்டு விரல் அளவுக்குச் சுருக்கி, அன்றிரவே சட்டியில் தண்ணீர் நிரப்பி வையுங்கள்.