வீட்டுச் சேமிப்புப் பெட்டிக்கு இரண்டாவது நகல் இருக்கிறதா?

போன்ல இடம் போதலைன்னு பத்திர ஸ்கேன், சான்றிதழ்கள், குடும்பப் படங்கள் எல்லாவற்றையும் வீட்டு நெட்வொர்க்கில் உள்ள ‘நாஸ்’ பெட்டிக்கு மாற்றியிருப்பீர்கள். உள்ளே ரெண்டு டிஸ்க் இருக்கே, போதாதா? ஒரு டிஸ்க் கெட்டால் போதும்தான். பெட்டியே தண்ணீரில் மூழ்கினால் ரெண்டும் சேர்ந்தே போய்விடும். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த சென்னைவாசிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆகவே இன்னொரு பெட்டி, இன்னொரு வீட்டில். சினாலஜி பெட்டிகளை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். உங்கள் வீட்டுப் பெட்டியில் ‘ஹைப்பர் பேக்கப்’, நகல் போய்ச் சேரும் பெட்டியில் ‘ஹைப்பர் பேக்கப் வால்ட்’ நிறுவுங்கள். நகலுக்கென்றே அங்கே தனிப் பயனர் கணக்கு தொடங்குங்கள். அட்மின் கணக்கைக் கொடுக்காதீர்கள்.

முதல் நகலை இணையம் வழியாக அனுப்பப் பார்க்காதீர்கள். 10 எம்பிபிஎஸ் அப்லோடு வேகத்தில் 100 ஜிபி போய்ச்சேர சுமார் 22 மணி நேரம் ஆகும். இரண்டாவது பெட்டியை உங்கள் வீட்டுக்கே கொண்டுவந்து ஒரே ரூட்டரில் இணைத்து முதல் நகலை முடியுங்கள். பிறகு அதை அந்த வீட்டில் வைத்து, பணியில் முகவரியை மட்டும் மாற்றினால் போதும். அதன்பின் தினமும் புதிதாக மாறியது மட்டும்தான் போகும். நேரத்தை இரவு 2 மணி என்று வையுங்கள்.

பலரும் கோட்டைவிடுவது ஒன்று உண்டு. ‘சிங்க்’ வேறு, ‘பேக்கப்’ வேறு. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வைத்திருக்கும் சிங்க்கில், நீங்கள் தவறுதலாக அழித்த படம் அந்தப் பக்கமும் அழிஞ்சுடும். வைரஸ் பூட்டிய கோப்பும் அப்படியே போய் உட்கார்ந்துகொள்ளும். பழைய பதிப்புகளை வைத்திருக்கும் பேக்கப்பையே தேர்ந்தெடுங்கள். கோப்புகளைப் பூட்டிவைக்கும் என்கிரிப்ஷன் வேண்டுமானால் பணியை உருவாக்கும்போதே சொல்லிவிட வேண்டும். அந்தச் சாவியைத் தாளில் எழுதிப் பீரோவில் வையுங்கள். சாவியும் கடவுச்சொல்லும் தொலைந்தால் நகல் இருந்தும் பயனில்லை.

டிஜிலாக்கரில் துறைகள் வழங்கிய ஆவணங்களை எப்போதும் திரும்ப எடுக்கலாம், அவசரமில்லை. தாத்தா காலத்துக் கிரயப் பத்திரத்தின் ஸ்கேன்தான் முதலில் போகணும்.

எல்லாம் முடிந்தபின் ஒரு கோப்பை மட்டும் இரண்டாவது பெட்டியிலிருந்து மீட்டெடுத்து, போனில் திறந்து, கடைசிப் பக்கம் வரை தெரிகிறதா என்று பாருங்கள்.